வேலூரிலிருந்து தினமும் சென்னை வேலைக்கு: காரா, ரயிலா?

செப்டம்பர் 9, 2025 – வாசகர் கேள்வி

வீடு சத்துவாச்சாரி. அடுத்த மாதம் முதல் சென்னையில் வேலை. வாரத்தில் நான்கு நாள் ஆபீஸ் போக வேண்டும். அம்மாவைத் தனியாக விட முடியாது என்பதால் அங்கே வீடு எடுக்கும் எண்ணம் இல்லை. போன வருஷம் வாங்கிய பெட்ரோல் கார் இருக்கிறது. வீட்டு வாசலிலிருந்து ஏறினால் ஹைவே, நேராகப் போய்விடலாம் என்கிறார் மாமா. ரயில்தான் சரி என்கிறார் அம்மா. தினமும் போய் வந்தவர்கள் சொல்லுங்கள். எது சரிப்படும்?

செப்டம்பர் 9, இரவு

தம்பி, முக்கியமான இரண்டை விட்டுவிட்டாய். ஆபீஸ் சென்னையில் எந்த இடம்? மாலை எத்தனை மணிக்கு விடுவார்கள்? இந்த இரண்டும் தெரியாமல் காரா ரயிலா என்று பேசுவதில் பிரயோஜனம் இல்லை.

நான் இரண்டையும் பார்த்தவள். பாரிமுனை ஆபீஸில் இருந்தபோது பல வருஷம் காட்பாடியிலிருந்து சீசன் டிக்கெட். பிறகு ஸ்ரீபெரும்புதூருக்கு மாற்றினார்கள், அங்கே காரில்தான் போய் வந்தேன். இப்போது வேலூருக்கே வந்துவிட்டேன். உடம்பு தேறியிருக்கிறது.

செப்டம்பர் 10

அம்பத்தூர் எஸ்டேட் (தொழிற்பேட்டை) என்று பதில் போட்டிருக்கிறாய். நல்லது. ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) என்று சொல்லியிருந்தால், தினமும் போய் வருவதையே மறந்துவிடு என்று எழுதியிருப்பேன். சென்ட்ரலில் இறங்கி அங்கிருந்து இன்னொரு ஒன்றரை மணி நேரம் யாராலும் முடியாது. சோழிங்கநல்லூர் பக்கம் வேலை செய்துகொண்டு வேலூரிலிருந்து தினம் போய் வருவதாகச் சொன்ன இரண்டு பேரை எனக்குத் தெரியும். இருவரும் இப்போது மேடவாக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள்.

பொதுவாக இப்படி வைத்துக்கொள்ளலாம். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் எல்லாம் ரோட்டுக்காரர்களுக்கு. ரயில் அந்தப் பக்கமே போவதில்லை. அந்த ஆலைகளில் வேலை என்றால் முதலில் கம்பெனி பஸ் எதுவரை வருகிறது என்று விசாரிக்க வேண்டும். வாலாஜா, ஆற்காடு பக்கம் பல வண்டிகள் வருகின்றன. பாரிமுனை, பெரம்பூர், வில்லிவாக்கம், ஆவடி என்றால் கண்ணை மூடிக்கொண்டு ரயில். கிண்டி நடுவில் நிற்கிறது. சென்ட்ரலில் இறங்கி மெட்ரோ பிடித்தால் போய்விடலாம், ஆனால் அது மூன்றாவது வண்டி.

அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு இரண்டும் உண்டு. ரோட்டில் வந்தால் மதுரவாயல் பைபாஸ் பிடித்துப் போகலாம். ரயிலில் வந்தால் அம்பத்தூர் ஸ்டேஷன் வேண்டாம், பட்டரவாக்கத்தில் இறங்கு. எஸ்டேட் அங்கிருந்துதான் பக்கம்.

செப்டம்பர் 12

பணக் கணக்கு கேட்டிருக்கிறார்கள். போடுகிறேன்.

சத்துவாச்சாரியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். போக வர 260. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுக்கும் கார் என்றால் நாளுக்கு 16 லிட்டருக்கு மேல். பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டி நிற்கிறது. ஆக ஒரு நாளைக்கு 1,600 ரூபாய்க்கு மேல். வாரம் நான்கு நாள் என்றால் மாதம் 17 நாள். 28,000 ரூபாய் பெட்ரோலுக்கு மட்டும்.

சுங்கச்சாவடிதான் பெரிய செலவு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இப்போது அப்படி இல்லை. ஆகஸ்ட் 15 முதல் ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் வந்திருக்கிறது: அறிமுகமானபோது 3,000 ரூபாய், 200 முறை அல்லது ஒரு வருஷம், எது முன்னால் முடிகிறதோ அதுவரை. சொந்த உபயோக கார், ஜீப், வேனுக்கு மட்டும். ஒவ்வொரு சாவடியைத் தாண்டுவதும் ஒரு முறை. நமக்குச் சென்னசமுத்திரம், ஸ்ரீபெரும்புதூர் அருகே நெமிலி என்று இரண்டு சாவடி; போக வர நாலு. அப்படியானால் 50 நாளில் 200 தீர்ந்துவிடும், மறுபடி வாங்க வேண்டும். இருந்தாலும் நாளுக்கு ஏறக்குறைய 60 ரூபாய்தான். சுங்கத்தைப் பார்த்து முடிவு எடுக்காதே, பெட்ரோலைப் பார்.

கிலோமீட்டரையும் பார். மாதம் 4,400. வருஷத்துக்கு 50,000-க்கு மேல். பத்தாயிரத்துக்கு ஒரு சர்வீஸ் என்றால் இரண்டு மாதம் ஆனதும் வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும். கார் கடன் முடிவதற்குள் கார் முடிந்துவிடும்.

ரயிலில் மாதச் சீசன் டிக்கெட்டுக்கு ஆகும் காசு, காரின் ஒரு நாள் பெட்ரோலைவிடக் குறைவு. ஜூலை 1-ல் கட்டணம் ஏற்றியபோதும் சீசனைத் தொடவில்லை.

செப்டம்பர் 12, கொஞ்சம் கழித்து

குடியாத்தத்திலிருந்து ஒருவர் சீசன் பற்றிக் கேட்டிருக்கிறார். சீசன் டிக்கெட் 150 கிலோமீட்டர் வரைதான் கொடுப்பார்கள். காட்பாடி சென்ட்ரலிலிருந்து 130, அதனால் நமக்குக் கவலை இல்லை. குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு நேராகச் சென்னைக்குச் சீசன் கிடைக்காது.

செப்டம்பர் 17

"பணம் பிரச்சினை இல்லை, நாலு பேர் சேர்ந்து ஒரே காரில் போகலாமே" என்று ராணிப்பேட்டை நண்பர் எழுதியிருக்கிறார். செலவு நாலில் ஒரு பங்காகும், உண்மைதான். நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் வேலை முடிந்தால் நடக்கும். ஒருவருக்கு மீட்டிங் நீண்டால் மற்ற மூவரும் வாசலில் காத்திருக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் முகம் கோணும்.

எனக்குப் பணத்தைவிட மாலை நேரம்தான் பெரிய விஷயம். இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும்.

காலையில் கார் ஓட்டுவது சுகம். ஐந்தேமுக்காலுக்குக் கிளம்பினால் காவேரிப்பாக்கம் ஏரிப் பக்கம் வெளிச்சம் வரும், ஓச்சேரியில் டீ குடிக்கலாம். இரண்டரை மணி நேரத்தில் பூந்தமல்லி தாண்டிவிடலாம். முதல் வாரத்தில் எல்லோரும் "இவ்வளவுதானா" என்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். மாலை அதே ரோடு வேறு மாதிரி. நாள் முழுக்க கம்ப்யூட்டரைப் பார்த்த கண். நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம் வரை ஊர்ந்து, சுங்குவார்சத்திரம் நெரிசலில் நின்று, பொன்னேரிக்கரை தாண்டியதும் ரோடு திறக்கும். வேகம் எடுக்கலாம் என்று மனசு சொல்லும் அந்த இடத்தில்தான் உடம்பு தூங்கப் பார்க்கும். பாலுசெட்டி சத்திரம் முதல் தாமல் வரை எனக்குக் கண் சொக்கும். பாட்டு போட்டாலும், ஏசியைக் கூட்டினாலும், சூயிங்கம் மென்றாலும் அது போகாது. பங்க்கில் நிறுத்தி, முகம் கழுவி, சீட்டைச் சாய்த்து இருபது நிமிஷம் படுத்துவிட்டுத்தான் கிளம்புவேன். அத்தனைக்கும் ஸ்ரீபெரும்புதூர் எனக்கு முக்கால் தூரம்தான். உனக்கு அம்பத்தூர்.

ஓரத்தில் லைட் இல்லாமல் நிற்கும் லாரிகள், எதிர்த்திசையில் வரும் பைக்குகள், ஆறு வழியாக்கும் வேலைக்காக அங்கங்கே திருப்பிவிட்ட சர்வீஸ் ரோடு. வாலாஜா முதல் பூந்தமல்லி வரை அந்த வேலை எத்தனை வருஷமாக நடக்கிறது என்று நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உன் அம்மா ரயில் என்று சொல்வதற்கு என்ன காரணமோ. அவர் பேச்சைக் கேள்.

செப்டம்பர் 18

ரயில் என்று எழுதியதும், "ரயிலில் உட்கார இடம் கிடைக்குமா, நேரத்துக்குப் போகுமா" என்று நாலு பேர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி.

காலை ஆபீஸ் நேரத்துக்கு நம்முடைய வண்டி ஏலகிரி எக்ஸ்பிரஸ். விடியற்காலை ஜோலார்பேட்டையில் கிளம்பி வருகிறது. காட்பாடிக்கு வரும்போதே ஆம்பூர், குடியாத்தம்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஜெனரல் பெட்டியில் நெருக்கி உட்காரலாம், சில நாள் நிற்கவும் வேண்டும். அடுத்தது மெமு, அதாவது மின்சாரப் பாசஞ்சர் வண்டி. வேலூர் கண்டோன்மென்டிலிருந்து சென்னை பீச் ஸ்டேஷன் வரை போய்க்கொண்டிருந்தது, 2024-ல் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். பல ஸ்டேஷன்களில் நின்று போகும், மெதுவாகத்தான் போகும். எனக்குப் பிடித்த வண்டி அதுதான், நேராக பீச்சில் இறக்கிவிடும், பாரிமுனை நடக்கும் தூரம்.

ரிசர்வேஷன் பெட்டியில் சீசனோடு ஏறாதே. டிடிஆர் பிடித்தால் குறைந்தது 250 ரூபாய் அபராதமும் கட்டணமும். காலை நேரத்தில் அந்த அவமானம் வேண்டாம்.

நேரம்: அரக்கோணம் வரை பொதுவாகப் பிரச்சினை இல்லை. சென்ட்ரலுக்குள் நுழையும்போது பேசின் பிரிட்ஜ் அவுட்டரில் நிற்பதுதான் எரிச்சல். பட்டரவாக்கம் போகிறவனுக்கு அது கிடையாது. அரக்கோணத்தில் இறங்கி யூனிட் வண்டி (புறநகர் மின்சார ரயில்) மாறிவிடு. ஸ்லோ வண்டியாகப் பார்த்து ஏறு, ஃபாஸ்ட் போட்டால் சின்ன ஸ்டேஷன்களை விட்டுவிடும்.

செப்டம்பர் 21

நேற்றிரவு யோசித்தபோது, இந்தப் பேச்சில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று பட்டது. எல்லோரும் காட்பாடி, காட்பாடி என்கிறோம். வீடு சத்துவாச்சாரி. காட்பாடி ஸ்டேஷன் போக அவன் சென்னைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போக வேண்டும். கிரீன் சர்க்கிள், பாலாற்றுப் பாலம், விருதம்பட்டு, சில்க் மில், ஓடைப் பிள்ளையார் கோவில். விடியற்காலையில் பறந்துவிடலாம். இரவு எட்டரை மணிக்கு இறங்கித் திரும்பும்போது பாலத்திலும் கிரீன் சர்க்கிளிலும் மாட்டிக்கொள்வான். ஸ்டேஷனைப் புதுப்பிக்கும் வேலை வேறு. 2022 மே மாதம் அடிக்கல் நாட்டியது.

தம்பி, வாலாஜா ரோடு ஸ்டேஷனை நினைத்துப் பார். ஹைவேயில் சென்னை நோக்கியே போகிறாய், வாலாஜாபேட்டையில் திரும்பினால் ஸ்டேஷன். ஏலகிரியும் மெமுவும் அங்கே நிற்கும். ரயில் தூரமும் 25 கிலோமீட்டர் குறைகிறது. பைக்கில் போகலாம், மழை என்றால் காரில். உன் மாமா சொன்ன ஹைவே கொஞ்சம், அம்மா சொன்ன ரயில் மீதி.

தென்னிந்தியாவில் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்தது இந்த வாலாஜா ரோட்டுக்குத்தான். நம் மாவட்டத்துக்கு இதைவிடப் பெரிய பெருமை எனக்குத் தெரியவில்லை. இப்போது அது ராணிப்பேட்டை மாவட்டம் என்று திருத்த வருவீர்கள். 2019-ல் பிரித்தார்கள், தெரியும். என் அப்பா கடைசிவரை வட ஆற்காடு என்றுதான் முகவரி எழுதினார். நானும் அந்தக் கணக்கில் சொல்கிறேன்.

செப்டம்பர் 22

முகுந்தராயபுரம் இன்னும் பக்கம் என்று சிப்காட் நண்பர் சொல்கிறார். ராணிப்பேட்டை சிப்காட்காரர்களுக்குச் சரி. எக்ஸ்பிரஸ் நிற்காது, மெமு மட்டும்.

செப்டம்பர் 26

அவனுடைய ஆபீஸ் நேரம் இன்று தெரிந்தது. காலை ஒன்பதரை, மாலை ஆறரை. இதுதான் சிக்கல்.

ஏலகிரி மாலை ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்பே சென்ட்ரலை விட்டுவிடும். மெமு பீச்சில் ஆறு மணி. ஆறரைக்கு ஆபீஸ் முடிந்தால் இரண்டும் போய்விட்டது. அதற்குப் பிறகு இரவு வண்டிகள்: பெங்களூர் மெயில், காவேரி, சேரன், நீலகிரி. எல்லாம் காட்பாடியில் நிற்கும். ஆனால் அவை தொலைதூர வண்டிகள். ஜெனரல் பெட்டியில் கோயம்புத்தூர் வரை போகிறவர்கள் மூட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள், ஏற இடம் இருக்காது. வீடு சேர நள்ளிரவு. காலையில் மறுபடி ஐந்து மணிக்கு எழ வேண்டும். இரண்டு வாரம்கூட ஓட்ட முடியாது.

அதனால் என் யோசனை இதுதான். வேலையில் சேர்வதற்கு முன்பே மேலாளரிடம் பேசு. எட்டரைக்கு வந்து ஐந்தேகாலுக்குக் கிளம்புகிறேன், மீதியை ரயிலில் லேப்டாப்பில் முடிக்கிறேன் என்று கேள். சேர்ந்த பிறகு கேட்பதைவிடச் சேரும் முன் கேட்பது சுலபம். ஒப்புக்கொண்டால் ரயில். ஒப்புக்கொள்ளாவிட்டால் காரும் வேண்டாம். ஆறரைக்குக் கிளம்பி இருட்டில் 130 கிலோமீட்டர் தினமும் ஓட்டுவதற்கு நான் சரி என்று சொல்ல மாட்டேன். எஸ்டேட் பக்கம் திங்கள் முதல் வியாழன் வரை ஒரு பேயிங் கெஸ்ட் இடம் பார்த்து, அம்மாவுக்குத் துணைக்கு யாரையாவது ஏற்பாடு செய். கேட்க வருத்தமாக இருக்கும். ஆனாலும் சொல்கிறேன்.

அக்டோபர் 2

நேற்று ஆயுத பூஜை. பழைய சீசன் கூட்டத்திலிருந்து படங்கள் அனுப்பியிருந்தார்கள். பெட்டி வாசலில் வாழைக்கன்று, ஜன்னல் கம்பியில் சாமந்திச் சரம், பொரி, கடலை, சுண்டல். நான் போன காலத்திலும் இப்படித்தான். பெண்கள் பக்கம் காலையில் கீரை ஆய்ந்துகொண்டு வருவோம், மாலையில் பூ கட்டிக்கொண்டு வருவோம். ஒருத்திக்கு மகள் கல்யாணம் என்றால் புடவை எடுப்பது முதல் சமையல்காரர் வரை அரக்கோணம் வருவதற்குள் முடிவாகிவிடும். இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் கிலோ கிலோவாக என் பையில் பாரிமுனைக்குப் போயிருக்கிறது.

காரில் இது கிடையாது. மணிக்கணக்கில் தனியாக முன்னால் போகும் லாரியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். முடிவெடுக்கும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலூர் விட்டு வேலூர் வருவதற்குள் நான் பேசிய மனிதர்கள் எனக்குச் சொந்தக்காரர்களாகிவிட்டார்கள்.

அக்டோபர் 7

மேலாளர் ஒப்புக்கொண்டாராம்! எட்டரைக்கு வந்து ஐந்தேகாலுக்குப் போகலாம். மூன்று மாதம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாராம். இதைப் படித்ததும் மனசு லேசானது.

முதல் நாளே பௌர்ணமி கூட்டத்தில் மாட்டிக்கொண்டதாக எழுதியிருக்கிறான். பௌர்ணமி நாட்களை முன்கூட்டியே நாட்காட்டியில் குறித்து வை. மெமு திருவண்ணாமலை வரை போவதால் கிரிவலம் போகிறவர்கள் பீச்சிலேயே ஏறிவிடுகிறார்கள். அரக்கோணத்தில் ஏறுகிறவனுக்குக் கால் வைக்க இடம் இருக்காது. அன்று ஏலகிரியைப் பிடி. கார்த்திகை தீபம் டிசம்பர் 3. அந்த நாளை வீட்டிலிருந்து வேலை என்று இப்போதே கேட்டு வாங்கிக்கொள்.

அக்டோபர் 8

எட்டரைக்குப் போய்ச் சேர முடியுமா என்று சந்தேகப்படுகிறார் ஒருவர். ஏலகிரியில் அரக்கோணம் வந்து யூனிட் மாறினால் பட்டரவாக்கம் சேர எட்டரை தாண்டும் நாட்கள் இருக்கும். பத்து நிமிஷம் இருபது நிமிஷம் முன்பின்னாக இருக்கட்டும் என்று மேலாளரிடம் சொல்லி வைக்கலாம். ரயிலில் வருகிறவர்களைப் பற்றி எஸ்டேட்காரர்களுக்குத் தெரியும், அங்கே பாதிப் பேர் திருவள்ளூர், அரக்கோணத்திலிருந்துதான் வருகிறார்கள்.

அக்டோபர் 19

நாளை தீபாவளி. நேற்று மாலை ஹைவே நெரிசலைப் பற்றி யாரும் எழுத வேண்டாம், எல்லோரும் பார்த்தோம்.

அக்டோபர் 24

மழை. ரயிலை இவ்வளவு தூக்கிப் பேசியதால் மறுபக்கத்தையும் எழுத வேண்டியது என் கடமை.

2021 டிசம்பரில் திருவலம் – முகுந்தராயபுரம் நடுவே பொன்னை ஆற்று ரயில் பாலத்தில் விரிசல் கண்டுபிடித்தார்கள். பல வண்டிகள் ரத்து. காட்பாடியிலிருந்து சென்னைக்குப் போகப் பலருக்கு ரோடுதான் வழி என்றாகிவிட்டது. பாலம் போனால், தண்டவாளத்தில் தண்ணீர் நின்றால், ரயிலை நம்பியவனுக்கு மாற்று வேண்டும். அதனால் காரை விற்கச் சொல்லும் நண்பரோடு எனக்கு ஒப்புதல் இல்லை. காரை வைத்துக்கொள், ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கட்டும். அப்படிப்பட்ட நாளில் காரை எடு. மறுநாள் ரயில் ஓடவில்லை என்றால் ஓய்வு எடு.

வாலாஜா ரோட்டில் ஏறுகிறவனுக்கு இதில் ஒரு லாபம்: திருவலம் பாலம் அவனுக்குப் பின்னால் இருக்கிறது. இருந்தாலும் ஜோலார்பேட்டையிலிருந்து வரும் வண்டி அதைத் தாண்டித்தான் வர வேண்டும்.

இதே பாதையில்தான் 2019-ல் சென்னை தண்ணீருக்குத் தவித்தபோது ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் போனது, ஒரு வண்டிக்கு 25 லட்சம் லிட்டர். நம் பக்கம் குடத்தோடு நிற்கையில் அந்த வேகன்கள் கடந்துபோனதைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. சரி, இது வேறு பேச்சு.

நவம்பர் 3

மார்கழி வரப்போகிறது, காலையில் பனி இறங்கும். வாலாஜா வரை பைக்கில் போகிறவன் கவனமாகப் போக வேண்டும். ஹைவேயில் ஓரத்து லாரி பனியில் தெரியாது. பைக்கில் பின்லைட் எரிகிறதா என்று இன்றைக்கே பார். ஆற்காட்டிலிருந்து ஒரு நண்பர், பஸ்ஸில் வாலாஜாவரை போய் அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடிக்கலாம் என்கிறார். பனிக் காலத்துக்கு அது நல்ல யோசனை. கால் மணி நேரம் முன்னதாக எழ வேண்டும், அவ்வளவுதான்.

நவம்பர் 11

மாதச் சீசன் முடியப் போகிறது, அடுத்து என்ன எடுப்பது என்று கேட்டிருக்கிறாய். மூன்று மாதச் சீசன் எடு. மாதக் கட்டணத்தைப் போல 2.7 மடங்குதான், மூன்று மடங்கு இல்லை. உன் மேலாளர் கொடுத்த மூன்று மாதத்துக்கும் ஒத்துவரும். கவுன்டரில் நிற்காமல் ரயில்வே செயலியில் எடுக்கலாம். பட்டரவாக்கத்தோடு நிறுத்தாமல் சென்ட்ரல் வரை எடு, வித்தியாசம் சொற்பம். ஆபீஸ் சீக்கிரம் முடிகிற நாளில் சென்ட்ரல் போய் ஏலகிரியில் ஏறினால் ஜன்னல் ஓரம் கிடைக்கும், வாலாஜா வரை தூங்கலாம். ஏலகிரி சூப்பர்ஃபாஸ்ட் இல்லை, கூடுதல் கட்டணம் கிடையாது. ஸ்டேஷன் ஸ்டாண்டிலும் மாதப் பாஸ் போட்டுக்கொள்.